சிரிக்க வைக்கும் நூல்கள்



தமிழிலே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த நூல்கள் எவை என்று கேட்டால், நான் இரண்டைச் சொல்வேன். தேவனின் துப்பறியும் சாம்பு கோபிக்கக் கூடாது. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையும் பொறுத்தருள வேண்டும். வானொலியில் நேரம் குறைவு.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் முதலிடத்தை நகைக்குக் கொடுத்தார். அதற்குப் பக்கத்து இருக்கை அழுகைக்கு. நகை பிறக்கும் இடங்களாக அவர் காட்டிய நான்கில் மடமையும் ஒன்று. அந்த மடமையையே முதலாகப் போட்டு நடத்திய வியாபாரந்தான் வீரமாமுனிவரின் 'பரமார்த்த குரு கதை'. பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்நூல் 1822இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் குருவோடு ஆற்றைக் கடந்து, கரையேறி, ஆட்களை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒப்பாரி எழுகிறது. வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கோர் அடி போட்டு, ஆறு பேரையும் எண்ணிக் காட்டுகிறான்.

வகுப்பறையில் இதற்குச் சிரிப்பு நிச்சயம். ஆனால் எங்கள் முள்ளிவாய்க்காலில், பெரியவர்கள் கூடும் இடத்தில், இந்தப் பகுதியை நான் வாசிப்பதில்லை. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, அப்பால் நின்று ஆட்களை எண்ணிய சனம் இது. எங்கள் கணக்கைத் திருத்த எந்த வழிப்போக்கனும் வரவில்லை.

அவர்களுக்கு நான் வாசிப்பது செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. க. குணராசா என்ற இயற்பெயர் கொண்ட அவர் 2016இல் காலமானார். வன்னியிலே நிருவாக அதிகாரியாகக் கடமையாற்றி, இந்த மண்ணை வைத்துக் 'காட்டாறு' எழுதியவர். யாழ்ப்பாணத்துக்கு வெளியே போயறியாத கிராமத்து ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறாள். கதை அவ்வளவுதான். உலகத்தில் எதைக் கண்டாலும் தன் ஊர் முற்றத்தை அளவுகோலாக வைத்தே அளக்கிறாள். நாங்கள் முதலில் அவள் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கிறோம்; பிறகு அவள் வாய்க்கு முன்னே நாங்களே தோற்றுப்போகிறோம். பட்டணத்தான் நாட்டுப்புறத்தானைக் கேலி பண்ணும் மலிவான பகிடி இதுவல்ல. என் கணக்கில் ஈழத்து நகைச்சுவை நாவல்களில் இதற்கே முதலிடம்.

பயணம் என்ற சொல்லே எங்களுக்குச் சங்கடமானது. கிளிநொச்சியில் தொடங்கிச் செட்டிகுளத்து முகாம் வரை போனதும் பயணந்தானே. ஒருநாள் மாலை வாசிப்பைத் தொடங்கியதும் வயதான அம்மா ஒருவர் மறித்தார்.

"மாஸ்ரர், மே மாதம் வருகுது. இந்த நேரத்திலை பகிடிக் கதையோ?"

அவருடைய துயரம் எனக்குத் தெரியும். பேசாமல் புத்தகத்தை மூடினேன். சற்று நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அதே அம்மா,

"மூடிப்போட்டியளோ? அந்த மனுசி கதிர்காமம் போய்ச் சேர்ந்தவவோ எண்டதைச் சொல்லிப்போட்டு மூடுங்கோ" என்றார்.

அன்று இருட்டும்வரை வாசித்தோம். மற்றவர்களை விட அவரே கூடுதலாகச் சிரித்தார். சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். சிரித்ததாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

செங்கை ஆழியானின் நூல்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடி எடுங்கள். மனத்துக்குள் வாசித்தால் ஆச்சியின் குரல் பாதிதான் கேட்கும், வாய்விட்டு வாசியுங்கள். வீட்டிலே ஓர் ஆச்சி இருந்தால், அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.