நிலையம் அழகாகிறது, வண்டி எங்கே?

(எலெக்ட்ரானிக் சிட்டி வட்டாரத்தில் பணிபுரியும் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆறரை மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டிய கூட்டம் ஏழேகாலுக்குத்தான் தொடங்குகிறது. இதற்காக யாரையும் கடிந்துகொள்ளும் எண்ணம் எனக்கில்லை. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி வரும் தோழரிடம் நேரந்தவறாமை குறித்து உபதேசம் செய்வது நியாயமாகாது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று, அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியிலிருந்தே என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் புறநகர் ரயில். அதுவும் இந்தக் கேள்வியும் வேறுவேறல்ல.

2024 ஜூலையில் கர்நாடக அரசு ஐ.டி. துறையில் ஒரு நாள் வேலை நேரத்தை 14 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தத்தை முன்வைத்தபோது, ஐ.டி. ஊழியர் சங்கம் வீதிக்கு வந்தது. அரசு அப்போதைக்குப் பின்வாங்கியது. அந்தப் போராட்டத்தில் இங்கே இருக்கும் பல தோழர்கள் நின்றீர்கள். ஆனால் எந்தச் சட்டத் திருத்தமும் இல்லாமலே நம் வேலை நாள் நீண்டுகொண்டுதான் இருக்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் சாலையில் கழிகிறது. இந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இது ஏறுவதே இல்லை. தொழிலாளியின் உடம்பில்தான் ஏறுகிறது. கண்ணாடிக் கட்டடத்துக்குள் கணினியின் முன் அமர்பவருக்கும், அந்தக் கண்ணாடியைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது பொது. வேறுபாடு என்னவென்றால், முன்னவரை அழைத்துவர நிறுவனம் வண்டி அனுப்பக்கூடும். பின்னவர் தர்மபுரியிலிருந்தோ ஓசூரிலிருந்தோ அத்திப்பள்ளியிலிருந்தோ தானே வந்து சேர வேண்டும்.

1970களின் இறுதியில் கியோனிக்ஸ் என்ற மாநிலப் பொதுத்துறை நிறுவனம் 332 ஏக்கரில் உருவாக்கியது இந்த எலெக்ட்ரானிக் சிட்டி. நிலம் அரசு தந்தது, மின்சாரம் அரசு தந்தது. தொழிலாளி எப்படி வருவான் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. 2010இல் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலச் சாலை வந்தது. கார் வைத்திருப்பவர் சுங்கம் கட்டி மேலே போகலாம், மற்றவர்கள் கீழே நிற்கலாம். பிறகு 15 ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மெட்ரோவின் மஞ்சள் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தார். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள்.

மெட்ரோ வந்துவிட்டது, இனி ரயிலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மெட்ரோ வந்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது வந்த விதத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். தூண்கள் எழும்பி, தடம் போட்டு, நிலையங்களுக்கு வண்ணம் பூசி நெடுநாள் ஆகியும் வண்டி ஓடவில்லை. காரணம், ஓட்டுவதற்கு வண்டி இல்லை. தொடங்கியபோது இருந்தவை மூன்றே மூன்று ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. பெங்களூரைப் போன்ற ஒரு மாநகரின் மெட்ரோவில் 25 நிமிட இடைவெளி!

கட்டணம் இன்னொரு பக்கம். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் உயர்த்தப்பட்டு உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனது. மஞ்சள் வழித்தடத்தில் முனைக்கு முனை ஒரு முறை செல்ல 60 ரூபாய். சாதாரணப் பயணிகள் ரயிலிலோ குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், அதோடு சீசன் டிக்கெட்டும் உண்டு. (கொரோனாவைக் காரணம் காட்டி அந்தப் பத்து ரூபாயை 30 ஆக்கியதையும், 2024 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், மீண்டும் பத்துக்குக் கொண்டுவந்ததையும் நாம் மறக்கவில்லை.) துப்புரவுப் பணிக்கோ காவல் பணிக்கோ வரும் ஒருவருக்கு 60க்கும் 10க்கும் இடையிலுள்ள வேறுபாடு, மாதக் கடைசியில் வீட்டு வாடகையில் தெரியும்.

ஹீலலிகே என்ற நிலையம்

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மிக அருகில் உள்ள ரயில் நிலையம் ஹீலலிகே. பையப்பனஹள்ளியிலிருந்து பெல்லந்தூர் ரோடு, கார்மேலரம் வழியாக வந்து, ஹீலலிகே, ஆனேக்கல் ரோடு கடந்து ஓசூர், தர்மபுரி, சேலம் என்று செல்லும் பாதை இது. மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் ஐ.டி. வளாகங்களும் எலெக்ட்ரானிக் சிட்டியும் ஓசூர் ஆலைகளும் இந்த ஒரே பாதையின் இருபுறமும் கிடக்கின்றன. இப்படியொரு பாதையை வைத்துக்கொண்டு மக்களைச் சாலையில் நிறுத்தியிருப்பது எப்படி நேர்ந்தது?

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், மற்ற தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று தாண்டிச் செல்ல முடியும். ஒன்று வந்து சேரும்வரை மற்றது நிற்க வேண்டும். எது நிற்கும்? எக்ஸ்பிரஸ் நிற்காது. தொழிலாளர்கள் வரும் பயணிகள் வண்டிதான் நிற்கும். ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமானால் அந்தத் தாமதமும் இந்த வண்டியின் தலையில்தான் விழும். இதில் பழைய டீசல் வண்டியாகவும் இருந்துவிட்டால் இன்னும் மோசம். டெமு வண்டியில் ஓர் எஞ்சின், தானே மின்சாரத்தை உற்பத்தி செய்து, தானே இழுக்க வேண்டும். நின்று புறப்படும்போது வேகம் பிடிக்க நேரமாகும். மெமு மேலே உள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு சட்டென்று வேகம் பிடிக்கும். நிலையங்கள் நெருக்கமாக இருக்கும் புறநகர்ப் பாதையில் ஒவ்வொரு நிலையத்திலும் மிச்சமாகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் சேர்ந்துதான் நாளொன்றுக்கு ஒரு வண்டியைக் கூடுதலாக விட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே நமக்கு வேண்டியவை இரட்டைப் பாதை, தானியங்கி சிக்னல், போதிய மெமு வண்டிகள், வண்டிப் படிக்குச் சமமான உயரத்தில் நடைமேடை. பையப்பனஹள்ளி–ஓசூர் 48 கிலோமீட்டர் இரட்டைப் பாதைப் பணி பகுதி பகுதியாக நடந்துவருகிறது. அதை விரைந்து முடிக்கக் கோருவதைவிட முக்கியமான "நிலைய மேம்பாடு" எதுவும் இல்லை.

ஆனால் ஆட்சியாளர்களின் அகராதியில் மேம்பாடு என்றால் முகப்பு. பெங்களூரிலேயே பாருங்கள். 2022 ஜூனில் பையப்பனஹள்ளியில் விமான நிலையம் போன்ற ஒரு ரயில் முனையம் திறக்கப்பட்டது. குளிரூட்டப்பட்ட கட்டடம். மூட்டை முடிச்சோடு வரும் பயணி அங்கே போய்ச் சேர்வதற்குள் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள். அதற்கும் முன்பு, 2021 ஜனவரியில், கெம்பேகௌடா விமான நிலையத்துக்கு அருகே ஒரு நிறுத்தம் திறக்கப்பட்டது. பத்து, பதினைந்து ரூபாயில் விமான நிலையம் போகலாம் என்று நாளேடுகள் கொண்டாடின. விமான நிலைய ஊழியரின் ஷிப்டுக்கோ பயணியின் விமான நேரத்துக்கோ பொருந்தாத நேரத்தில் ஒன்றிரண்டு டெமுக்கள் வந்துபோயின. பிறகு, "மக்கள் ஏறவில்லை" என்று மக்கள் மீதே பழி. ஓசூர், தர்மபுரி நிலையங்கள் அமிர்த பாரத் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. வாயில் வளைவும் வாகன நிறுத்துமிடமும் வரட்டும். அந்த வாயிலுக்குள் நுழைந்தவருக்குக் காலை 6 மணி ஷிப்டுக்குப் போய்ச்சேர வண்டி உண்டா என்பதே நம் கேள்வி.

40 மாதக் கணக்கு

புறநகர் ரயில் வேண்டும் என்ற பேச்சு பெங்களூரில் 1980களிலிருந்தே இருக்கிறது. 2020 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 148 கிலோமீட்டர், நான்கு வழித்தடங்கள், 15,767 கோடி ரூபாய். 2022 ஜூன் 20 அன்று அடிக்கல் நாட்டிய பிரதமர், 40 ஆண்டுகளாக நடக்காததை 40 மாதங்களில் முடிப்பதாகச் சொன்னார். அந்த 40 மாதம் 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. ஒரு வழித்தடத்தில்கூட வண்டி ஓடவில்லை. நமக்குரிய வழித்தடம், ஹீலலிகேயிலிருந்து ராஜானுகுண்டே வரையிலான 46 கிலோமீட்டர் 'கனகா' பாதை. அதற்கு ஒப்பந்தம் எடுத்த எல் அண்ட் டி நிறுவனம் 2025இல் விலகிக்கொண்டது. நிலம் ஒப்படைக்கப்படவில்லை என்கிறது நிறுவனம். வேலை மந்தம் என்கிறது கே-ரைடு.

கே-ரைடு என்பது யார்? மாநில அரசுக்கு 51 சதவீதம், ரயில்வே அமைச்சகத்துக்கு 49 சதவீதம் பங்குள்ள கூட்டு நிறுவனம். மாநிலத்தில் காங்கிரஸ், ஒன்றியத்தில் பா.ஜ.க. ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. சில காலம் முழுநேர மேலாண்மை இயக்குநர்கூட இல்லாமல், வேறு பொறுப்பில் இருக்கும் அதிகாரியின் கூடுதல் பணியாக அந்தப் பதவி இருந்தது. திட்டச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 20 சதவீதம், மாநில அரசின் பங்கு 20 சதவீதம். மீதி 60 சதவீதம் கடன். கடன் யார் தலையில் விழும் என்பதை மெட்ரோ கட்டண உயர்வு ஏற்கெனவே காட்டிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டத்துக்குத் தேவையான பெட்டிகளைச் சொந்தமாக வாங்காமல், தனியார்–பொதுத்துறைக் கூட்டு என்ற பெயரில் நீண்ட காலக் குத்தகைக்கு எடுக்கவே முதலில் முயன்றார்கள். அது கைகூடவில்லை என்பது நல்ல செய்தி. மீண்டும் வராது என்பதற்கு உறுதியில்லை. பிரிட்டனில் 1990களில் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தபோது பெட்டிகளைக் குத்தகை நிறுவனங்களின் கையில் ஒப்படைத்தார்கள். விளைவு? பேருந்தின் கூண்டைத் தண்டவாளச் சக்கரங்களின் மேல் பொருத்தியது போல 1980களில் செய்யப்பட்ட 'பேசர்' என்ற வண்டிகள், 20 ஆண்டு ஓடினால் போதும் என்று கருதிச் செய்யப்பட்டவை, வட இங்கிலாந்தின் தொழிலாளர் நகரங்களில் 2020 வரை ஓடின. புது வண்டி வாங்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை, பழைய வண்டிக்கு வாடகை வாங்கும் உரிமை மட்டும் இருந்தது. 2025 மே மாதம் முதல் அந்த நாட்டில் பயணிகள் ரயில் சேவைகளை ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெட்டிகளோ இன்னும் குத்தகைக்காரர்களிடமே இருக்கின்றன. ஒரு முறை கைவிட்டதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது போதும்.

நமக்கு அந்தத் தேவையே இல்லை. 1955 முதல் பெட்டி செய்துவரும் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை மெமு செய்கிறது. இதே பெங்களூரில் பி.இ.எம்.எல். தொழிலாளர்கள் மெட்ரோ பெட்டி செய்கிறார்கள். அந்த பி.இ.எம்.எல்.லின் 26 சதவீதப் பங்கையும் நிர்வாகத்தையும் சேர்த்து விற்க 2021இல் ஒன்றிய அரசு விண்ணப்பம் கோரியது! வண்டி இல்லை என்று ஒரு கை சொல்கிறது, வண்டி செய்யும் ஆலையை இன்னொரு கை ஏலத்தில் வைக்கிறது. வண்டி வந்தால் ஓட்டவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். 2022 இறுதியில் ரயில்வேயில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்கள் காலி என்பதை நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே ஒப்புக்கொண்டது.

நம் தரப்பில் உள்ள குறை

நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். ரயில் என்றால் ரயில்வே தொழிற்சங்கத்தின் வேலை, பயணிகள் சங்கத்தின் வேலை என்று நாம் ஒதுங்கியிருந்தோம். ஐ.டி. அரங்கத் தோழர்கள் பணிநீக்கத்துக்கு எதிராகவும் வேலை நேரத்துக்காகவும் போராடினார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் அரங்கம் குறைந்தபட்சக் கூலிக்காகப் போராடியது. இந்த இரு பகுதியினரும் ஒரே கோரிக்கையில் இணையக்கூடிய இடம் ஹீலலிகே நடைமேடை. அங்கே நம் கொடி இதுவரை போகவில்லை.

இரண்டாவது, மொழி. பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை மெட்ரோவை நீட்டிப்பது பற்றிய பேச்சு எழுந்ததும் இங்குள்ள சில அமைப்புகள் எதிர்த்தன. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்து வேலையைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தை ஊட்டினார்கள். மூன்றாம் தண்டவாள மின்சாரமா, மேல்கம்பி மின்சாரமா என்ற தொழில்நுட்பச் சிக்கலும் அதில் இருக்கிறது. ஆனால் ஓசூருக்கு ஏற்கெனவே ரயில் பாதை இருக்கிறதே. அதில் கூடுதல் வண்டி விடுவதற்கும், ஹீலலிகேயில் நின்றுவிடும் கனகா பாதையை ஓசூர் வரை நீட்டுவதற்கும் அந்தச் சிக்கல் கிடையாது. ஓசூர் ஆலைகளுக்கு இங்கிருந்து தினமும் போகும் கன்னடத் தொழிலாளியும் இந்த வண்டியில்தான் ஏற வேண்டும். இதைத் தமிழர் கோரிக்கையாக நாம் வைத்தால் அன்றே தோற்றுவிடுவோம். நாம் கூடியிருப்பது தமிழில் பேசுவதற்காக. நம் கோரிக்கை மனு கன்னடத்தில் இருக்க வேண்டும், பிறகு தமிழில், தெலுங்கில், இந்தியில்.

எனவே நான் முன்வைக்கும் வேலைகள் இவை. வரும் இரண்டு வாரங்களில் கிளைத் தோழர்கள் மூன்று ஷிப்டுகளுக்கும் முறைவைத்து ஹீலலிகே நிலையத்துக்குச் செல்லுங்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம், எத்தனை பெட்டி, எத்தனை பேர் இறங்கினார்கள், இறங்கியவர்கள் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு எப்படிப் போனார்கள் என்று குறித்து வாருங்கள். இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்கு விளக்கு, கழிப்பறை, நகரப் பேருந்து இணைப்பு இருக்கிறதா என்பதைப் பெண் தோழர்களே பார்த்து எழுத வேண்டும். அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஷிப்டு நேரத்துக்கேற்ற கால அட்டவணை ஒன்றை நாமே தயாரிப்போம். அதை வைத்துக் கையெழுத்து இயக்கம் நடத்தி, ரயில்வே கோட்ட மேலாளரிடமும் கே-ரைடு அலுவலகத்திலும் ஒரே நாளில் கொடுப்போம். ஓசூர் தோழர்களிடம் பேசியிருக்கிறோம், அவர்கள் தங்கள் நிலையத்தில் இதே வேலையைச் செய்வார்கள். மனுவின் கன்னட வரைவு இந்த மேசையில் இருக்கிறது. கன்னடம் எழுதத் தெரிந்த தோழர்கள் போகும் முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுங்கள்.