வண்டிச் சோதனையும் துப்பாக்கி லைசென்ஸும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வியும் விவசாயமும் பேச வேண்டிய மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தொண்டாமுத்தூர், மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், தாளவாடி முதலிய மலையோரங்களில் காடு தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் அவ்வாறு கேளார். வாழையும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் காட்டுப்பன்றியால் பாழாவதை அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். பாட்டனார் காலத்துத் துப்பாக்கி சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைப் பழுது பார்க்கவோ, லைசென்ஸைப் புதுப்பிக்கவோ வண்டியில் கொண்டு செல்லும்போது போலீஸார் நிறுத்தினால், அவர்களுக்கு அதிகாரம் எவ்வளவு, நமக்குப் பாதுகாப்பு எவ்வளவு என்பதை அறியாது கலங்குவோர் பலர். ஆதலின் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். நம் தேசத்தில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமையன்று. சர்க்கார் தரும் அனுமதியேயாகும். பாளையக்காரர் யுத்தம் முடிந்த 1801இல் கம்பெனியார் தென்னாட்டாரின் ஆயுதங்களைப் பறித்தனர். லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் வருஷச் சட்டம் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்து இந்தியரைக் கட்டிற்று. இவ்வவமானத்தை நினைந்து, விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931இல் கராச்சி காங்கிரஸ் தன் தீர்மானத்திற் சேர்த்தது. எனினும் அரசியல் நிர்ணய சபையில் காமத் அவர்கள் வாதாடியும் டாக்டர் அம்பேத்கர் அதற்கு இசையவில்லை. அமெரிக்கருக்கு 1791 முதல் உள்ள அவ்வுரிமை நம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே இன்று நம்மை ஆள்வது.

அச்சட்டம் நம்மை அடியோடு கைவிடவுமில்லை. மெய்யாகவே பயிர்ப் பாதுகாப்பின்பொருட்டு, குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர 13ஆம் பிரிவு வழி செய்கிறது. தந்த லைசென்ஸை நிறுத்தி வைத்தாலும் ரத்து செய்தாலும், 17ஆம் பிரிவின்படி அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். பொது நலனுக்கு மாறென்று கருதினாலன்றி, கேட்பவருக்கு அதன் சுருக்கத்தையும் தர வேண்டும். 18ஆம் பிரிவு அப்பீலுக்கு இடமளிக்கிறது.

இனி, சாலைக்கு வருவோம். வீடும் வண்டியும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஆயுதச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி வீட்டைச் சோதிக்க உத்தரவிடும் மாஜிஸ்ட்ரேட், தம் நம்பிக்கைக்குரிய காரணத்தை முன்னரே பதிவு செய்ய வேண்டும். வண்டிக்கோ 23ஆம் பிரிவு வாரண்டு எதனையும் கேட்கவில்லை. இச்சட்டம் மீறப்படுகிறதா, மீறப்படக்கூடுமா என்று அறியும்பொருட்டு எந்தப் போலீஸ் உத்தியோகஸ்தரும் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். ஆயுதத்தை வண்டியோடு கைப்பற்றலாம். 19ஆம் பிரிவின்படி லைசென்ஸைக் காட்டுமாறு கேட்கலாம். காட்டத் தவறினால் ஆயுதத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆதலின் அசல் லைசென்ஸ் துப்பாக்கியைப் பிரியலாகாது. “வீட்டில் இருக்கிறது, நாளை கொண்டு வருகிறோம்” என்ற சொல் அவ்விடத்தில் செல்லாது. லைசென்ஸ் இருந்தாலுங்கூட, தீய நோக்கத்தைச் சந்தேகிக்க நியாயமான முறையில் ஆயுதம் கொண்டு செல்வோரை 20ஆம் பிரிவின்படி கைது செய்யலாம். துப்பாக்கியில் தோட்டாவின்றி, உறையிலிட்டு முழுதும் மூடிக் கொண்டு செல்க. தேர்த் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட வளாகத்துக்கும் எடுத்துச் செல்லற்க.

போலீஸாருக்கும் கடமைகள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பொருளைக் கைப்பற்றுவதையும் ஒலி ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. கைப்பற்றிய பொருள்களின் ஜாபிதாவில் சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஸ்திரீயின் உடலைச் சோதிப்பது ஸ்திரீயே ஆதல் வேண்டும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். ஆனால் சோதனையில் பிழையுண்டு என்பதாலேயே வழக்கு வீழ்ந்துவிடாது. சட்டத்துக்கு மாறான சோதனையில் கிடைத்த சாட்சியமும் அக்காரணத்தால் மட்டும் தள்ளத்தக்கதன்று என்று பூரண்மல் வழக்கில் 1973ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். தேர்தல் ஆணையத்தார் ஏற்படுத்திய முறை யாதெனின், ஜில்லாதோறும் ஒரு பரிசீலனைக் குழு லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவரையும் பற்றி ஆராய்ந்து, ஜாமீனில் உள்ளோர், குற்றப் பின்னணியுடையோர், கலகத்திற் சம்பந்தப்பட்டோர் முதலியோரிடம் ஆயுதத்தைப் பெறுவதாகும். ஆராயாமல் எல்லாரையும் பொதுப்பட வற்புறுத்தலாகாதென்று 2024இல் அலகாபாத் ஹைகோர்ட்டார் கூறினர். அது நம் ராஜ்யத்துக் கோர்ட்டைக் கட்டாதெனினும், விண்ணப்பத்தில் எடுத்துக்காட்டத்தக்கது. யானை வரும் காட்டில் தனித்துக் குடியிருப்போர் தம் நிலையைக் குழுவுக்கு எழுதித் தெரிவிக்கலாம். ஒப்படைப்பதாயின் துப்பாக்கியின் எண்ணோடு ரசீது பெறுங்கள்.

நிற்க. நம் குடும்பங்களுக்கு வரும் பெரிய ஆபத்து சாலையிலன்று, வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. தகப்பனார் காலமான பின் அவர் லைசென்ஸ் மகனைக் காவாது. வாரிசு தம் பெயருக்கு லைசென்ஸ் கோர வேண்டும்; அதுவரை துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின், லைசென்ஸின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு 2 முதல் 5 வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கி 3இலிருந்து 2 ஆயிற்று. லைசென்ஸின் காலம் 3 வருஷத்திலிருந்து 5 வருஷமாயிற்று. துப்பாக்கி லைசென்ஸ் வேட்டை லைசென்ஸுமன்று. காட்டுப்பன்றி 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் அறிவித்த ஏற்பாட்டிலும் அதைச் சுடும் வேலை வனத்துறையாருக்கே உரியது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து யானைகள் வாய் சிதைந்து மாண்டது நம் சீமைக்குப் பெருமை தருவதன்று.

1998 பிப்ரவரி 14இல் கோயமுத்தூரில் வெடித்த குண்டுகளால் 58 உயிர்கள் போயின. அத்துன்பத்தை அறிந்த நாம் வண்டிச் சோதனையே வேண்டாமென்று சொல்லோம். வீரப்பனைத் தேடிய நாட்களில் அதிரடிப் படையினர் மீது மலையோர ஏழைகள் கூறிய கொடுமைகளை விசாரிக்க, தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்ததையும் நாம் மறவோம். அதிகாரம் வேண்டும், அதற்கு வரம்பும் வேண்டும். வரம்பைக் கேட்கும் வாய், தன் கையிலுள்ள காகிதத்தைச் சரியாக வைத்திருப்பவருக்கே உண்டு.

ஆகவே இன்றிரவே வீட்டுக்குச் சென்று லைசென்ஸின் தேதியைப் பாருங்கள். எவர் பெயரில் இருக்கிறதென்று பாருங்கள். சந்தேகமுள்ளோர் நம் சமூகத்து வக்கீல்களை அணுகுவாராக. எழுத்தறியாத பெரியோருக்கு வாலிபர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பாராக.