கத்திக்கு மசியாத செதிள்

மீன்கடையில் விளைமீன் வாங்கினால், கத்தியால் நாலு இழுவை இழுத்ததும் செதிள் பறக்கும். லெபிடோட்டஸ் என்ற மீனிடம் அந்தக் கத்தி தோற்றிருக்கும். அதன் செதிள் தடித்த எலும்பு. மேலே பல்லைப் போல மினுமினுப்பு. கூரை ஓடுபோல ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டவை. அதனால்தான், இனமே அழிந்த பின்னும், செதிள் கல்லில் நிலைத்திருக்கிறது.

இந்தியாவில், தெலங்கானாவின் கோட்டா சுண்ணாம்புக் கல்லில் இந்த மீன் கிடைத்தது. டைனோசர் காலத்து மீன். மீன் இருந்தால் அங்கே கடல் இருந்திருக்கும் என்று நினைப்போம். இந்த மீனின் உறவுகள் கடலிலும் வாழ்ந்தவைதான். ஆனால் அதே பாறைகளில் பூச்சிகளும் இருக்கின்றன. அவை கடலுக்கு அடித்து வரப்பட்டவையாக இருக்கலாமே? இருக்கலாம். ஆனால் நன்னீரில் மட்டுமே வாழும் சின்னஞ்சிறு ஓட்டு உயிர்களும் கூடவே கிடக்கின்றன. அவை அடித்து வரப்பட்டவை அல்ல, அங்கேயே வாழ்ந்தவை. ஆகவே அது கடல் அல்ல, ஏரி.