சிலந்தி சாதி பார்த்துக் கடிப்பதில்லை

(பனமலையில் இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடியோ கேம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "இதையெல்லாமா மேடையில் பேசுவாங்க?" என்று இங்கே ஒரு தம்பி கேட்டார். பேச வேண்டும் தம்பி. சினிமாவில் யார் நாயகன், யார் அடியாள், யாருடைய தெரு படத்தில் வருகிறது என்று நாம் விடாமல் கேட்டோம். கேட்ட பிறகுதான் சில கதவுகள் திறந்தன. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தங்கள் நாயகனைத் திரையரங்கில் தேடுவதில்லை, கைப்பேசியில் தேடுகிறார்கள். அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

கேம் ஆடும் தோழர்களுக்கு 2025 ஒரு ஏமாற்றமான ஆண்டு. வொண்டர் வுமனை நாயகியாகக் கொண்ட ஓப்பன் வேர்ல்டு கேம் ஒன்றை 2021 டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். 2025 பிப்ரவரியில் வார்னர் பிரதர்ஸ் அதைக் கைவிட்டு, அதை உருவாக்கிக்கொண்டிருந்த மோனோலித் ஸ்டுடியோவையும் மூடியது. பிளாக் பாந்தர் கேமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் அறிவித்தது. 2025 மே மாதம் அதுவும் ரத்தானது. கிளிஃப்ஹேங்கர் என்ற அந்த ஸ்டுடியோவும் மூடப்பட்டது. ஒரு பெண், ஒரு கறுப்பினத்தவர் என்று இரண்டு நாயகர்கள் நான்கு மாதங்களுக்குள் காணாமல் போனார்கள். காரணம் லாப நட்டக் கணக்குதான் என்றே வைத்துக்கொள்வோம். நம்முடைய எதிர்பார்ப்பு யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது என்பதும் அதனால்தான் தெரிய வருகிறது.

எதற்காக இவ்வளவு காத்திருப்பு? ஓப்பன் வேர்ல்டு என்றால் என்ன என்று தெரியாத மூத்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முழு நகரத்தையே உருவாக்கி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடக்கலாம், எந்த மாடியில் வேண்டுமானாலும் ஏறலாம். "நீ எந்தத் தெரு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. நமக்கு இது நூறாண்டுக் கோரிக்கை.

1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதுவானாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய வைக்கம் போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கானது. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, அண்ணல் அம்பேத்கர் மகாடில் பொதுக்குளத்தில் இறங்கி நீர் பருகினார். சாலை, தெரு, குளம் எல்லாமே மேப்பில் இருந்தவைதான். நமக்கு மட்டும் அவை பூட்டிக் கிடந்தன.

இது பழங்கதையும் இல்லை. நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தலித் மக்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே சென்று கும்பிட 2025 ஏப்ரல் வரை ஆனது, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. ஒரு வாசலைத் தாண்ட இரண்டு ஆண்டுகள்! இந்த மண்ணில் வளர்ந்த ஒரு பிள்ளை, தடையில்லாத ஒரு நகரத்தைத் திரையில் பார்த்து ஏங்குவதை வெட்டிப்பொழுது என்று என்னால் சொல்ல முடியாது.

இனி நாயகனுக்கு வருவோம். மார்வெல் காமிக்ஸில் பிளாக் பாந்தர் தோன்றியது 1966 ஜூலையில். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பிளாக் பாந்தர் கட்சி உருவானது. அந்தக் கட்சியைப் பார்த்து 1972-இல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் தலித் பாந்தர் இயக்கத்தைக் கட்டினார்கள். அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த சொல்தான் நம்முடைய 'சிறுத்தை'. ஆக, பிளாக் பாந்தர் என்ற பெயரைக் கேட்டதும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வதற்கு வெறும் மார்வெல் மோகம் மட்டும் காரணம் இல்லை.

ஸ்பைடர்மேன் வரிசையில் 2020 நவம்பரில் வந்த மைல்ஸ் மொராலெஸ் கேமை ஆடியவர்கள் இங்கே இருப்பீர்கள். கறுப்பினத் தந்தைக்கும் போர்ட்டோ ரிக்கோ வழித் தாய்க்கும் பிறந்த பையன் அவன். அவன் காப்பது ஹார்லெம் என்ற கறுப்பின மக்களின் பகுதியை. சுவரில் 'பிளாக் லைவ்ஸ் மேட்டர்' ஓவியம்கூட வரும். நாயகன் யார் என்பதோடு, அவன் எந்தத் தெருவுக்காகச் சண்டை போடுகிறான் என்பதும் அங்கே முக்கியமாகிறது.

சரி, இந்திய ஸ்பைடர்மேன்? அவனும் இருக்கிறான். 2004-இல் காமிக்ஸில் வந்தான், 2023-இல் அனிமேஷன் படத்திலும் வந்தான். பெயர் பவித்ர் பிரபாகர். பீட்டர் பார்க்கர் என்பதோடு ஓசை ஒத்துப்போக வைத்த பெயர். ஆனால் பவித்ர் என்றால் என்ன பொருள்? தூய்மை! தீட்டும் தூய்மையும்தான் சாதியின் இரண்டு கால்கள். உலகத்துக்கு அறிமுகமாகும் இந்திய நாயகனுக்கு, எந்த உறுத்தலும் இல்லாமல் அந்தப் பெயர் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பீட்டர் பார்க்கருக்குச் சக்தி எப்படி வந்தது? ஒரு சிலந்தி கடித்தது. அவ்வளவுதான். சிலந்தி சாதி பார்த்துக் கடிப்பதில்லை. கோத்திரம் கேட்பதில்லை, பூர்வ ஜென்ம புண்ணியம் கேட்பதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் அது நடந்திருக்கலாம். ஸ்பைடர்மேன் கதையின் மிகப் பெரிய சனநாயகம் அந்த விபத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதையை 2004-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது முதலில் தூக்கியது அந்தச் சிலந்திக்கடியைத்தான். அதற்குப் பதிலாக ஒரு யோகி வந்து சக்தியை அருளுகிறார்! தகுதியானவனைப் பெரியவர் தேர்ந்தெடுப்பார் என்ற பழைய கதை மறுபடியும் வந்துவிட்டது. தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது என்பது ஏகலைவன் கட்டைவிரலுக்குத் தெரியும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாயகன் நம் ஆளாக இருந்தால் மட்டும் போதுமா? 2018-இல் வந்த ஸ்பைடர்மேன் கேமில் நாயகன் நகரம் முழுவதும் போலீஸின் கண்காணிப்புக் கோபுரங்களைச் சரிசெய்து கொடுப்பான். வாச்சாத்தியை அறிந்த நமக்கு அங்கே கை கூச வேண்டும். 1992-இல் அந்தப் பழங்குடி கிராமத்தில் நடந்த வன்கொடுமைக்காகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. அந்தத் தீர்ப்பை எந்த முகமூடி நாயகனும் வாங்கித் தரவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் 19 ஆண்டுகள் சளைக்காமல் சாட்சி சொன்னார்கள், அமைப்புகள் துணை நின்றன. அரசியலில் தனிமனித பக்தி சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தார். நாயகனை ரசிப்போம். மீட்பர் வருவார் என்று மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இப்போது நம் பக்கத்து ஊரான செஞ்சிக்கு வாருங்கள். ஓப்பன் வேர்ல்டு கேமுக்கு இதைவிட நல்ல மேப் கிடைக்குமா? மலைகளை இணைத்து ஓடும் மதில், அகழி, களஞ்சியம், கல்யாண மகால், உச்சியில் ஏற ஒரே வழி. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, பிறகு முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை கைமாற்றம்! 2025 ஜூலையில் 'மராட்டிய ராணுவ நிலவெளிகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம் செஞ்சி.

நாளைக்கே ஒரு நிறுவனம் செஞ்சியை வைத்து கேம் எடுத்தால் நாயகன் யார்? சந்தேகமே வேண்டாம், தேசிங்கு ராஜாதான். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த இளைஞன், குதிரை, வாள். கதை தயாராக இருக்கிறது. மேப்பில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் ஒளிரும்.

நான்காவதாக ஒரு குன்று இருக்கிறது தோழர்களே. அதிகம் பேர் ஏறாத சிறிய குன்று. அருந்ததியர் மக்களை இழிவாகச் சுட்டப் பயன்படும் அந்தச் சொல்லோடு 'துர்க்கம்' சேர்த்துத்தான் வரலாற்று நூல்களில் அதன் பெயர் இருக்கிறது. வடமொழியாளர் வாயில் அது 'சமார் டிக்ரி'. செருப்புத் தைப்பவர் குன்று என்று பொருள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குதிரைக்குச் சேணம் தோல், கடிவாளம் தோல், வாளுறை தோல், வீரனின் காலணி தோல், முரசின் முகம் தோல், கவலை இறைத்த பையும் தோல். தோல் பதனிட்ட கை இல்லையென்றால் தேசிங்கு குதிரையில் ஏறியிருக்கவே முடியாது. கோட்டையின் பெயர்ப் பட்டியலிலேயே அந்தக் கைகளுக்குச் சாட்சி இருக்கிறது. கதையில் மட்டும் இல்லை. அந்தக் குன்றிலிருந்து தொடங்கும் ஒரு கேமை யார் எடுப்பார்கள்?

நாம்தான் எடுக்க வேண்டும். காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 273 ரூபாய். அந்தப் பெட்டியை வாங்க நம் அம்மாக்கள் 184 நாள் மண் வெட்ட வேண்டியிருந்தது. சட்டம் உறுதி சொன்னதோ 100 நாள்தான். ஆடுவதற்கே இந்த விலை. ஆனால் உருவாக்குவதற்கான கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. கோடோ, பிளெண்டர் போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒரு பழைய மடிக்கணினி போதும், தொடங்கிவிடலாம். 2023-இல் வந்த 'வெண்பா' கேம் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறையைப் பற்றியது. இட்லியும் புட்டும்தான் அதன் சாகசம். சிறிய குழு எடுத்த அந்த கேம் 2024-இல் பாஃப்டா விருது வாங்கியது. அமெரிக்காவில் 1993-இல் டுவெய்ன் மெக்டஃபி உள்ளிட்ட கறுப்பினக் கலைஞர்கள் பெரிய நிறுவனங்கள் மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல், மைல்ஸ்டோன் என்று சொந்தமாகவே ஒரு காமிக்ஸ் நிறுவனம் தொடங்கினார்கள்.

ஆகவே முதல் வேலை சின்னதாக இருக்கட்டும். உங்கள் ஊரின் மேப்பை வரையுங்கள். ஊர்த்தெரு, சேரி, ஏரி, சுடுகாட்டுப் பாதை, டீக்கடை எல்லாம் இருக்கட்டும். இன்று எந்தத் தெருவில் உங்களால் செருப்போடு நடக்க முடியாதோ, பைக்கை ஓட்டிச்செல்ல முடியாதோ, அதையும் விடாமல் குறியுங்கள். அந்தத் தெருவை கேமில் திறப்பது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினாலே, வெளியில் திறப்பது எப்படி என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

வரப்போகும் கேம்களுக்காகக் காத்திருங்கள், ஆசையோடு ஆடுங்கள். வந்த கேமில் நம் தெரு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கட்டத் தொடங்குங்கள்.