மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது?

ஆலைக் கழிவு குடிநீரைக் கெடுக்கும் என்று மக்கள் மெய்ப்பிக்க வேண்டுமா, கெடுக்காது என்று ஆலை மெய்ப்பிக்க வேண்டுமா? ஐதராபாத் வழக்கொன்று இதற்கு விடையளித்தது.

1908-ஆம் ஆண்டு மூசி வெள்ளத்திற்குப்பின் அமைந்தவை உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள். குடிநீர் வழங்கிய அவற்றைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழில்களை ஆந்திர அரசு 1996-இல் தடைசெய்தது. மறு ஆண்டே ஆமணக்கெண்ணெய் சார்ந்த ஆலையொன்றுக்கு அதே அரசு விலக்களித்தது! மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ இசைவளிக்க மறுத்தது.

தீங்கின்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலையையே சாரும் என 1999-இல் உச்சநீதிமன்றம் கூறியது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்திற்கு முரணானதென அவ்விலக்கை 2000-இல் நிராகரித்தது. அறிவியல் நுட்பங்களை ஆராய நீதிபதிகளுடன் வல்லுநரும் அமர வேண்டும் என்ற கருத்தும் அப்போது வலுப்பெற்றது. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வல்லுநர்களும் உறுப்பினர்கள்.

தெலங்கானா அரசு 2022-இல் 1996-ஆம் ஆண்டுக் கட்டுப்பாடுகளை நீக்கியது. ஏரிநீரின் தரம் குன்றலாகாது என்ற நிபந்தனையை மட்டும் விதித்தது.