பினாங்கின் அஞ்சடி



குடும்பத்தோடு பினாங்குத் தீவுக்குப் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடற்கரையை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பத்து பெரிங்கி அழகுதான். ஆனால் அலையில் கால் நனைக்க மட்டும் என்றால் பெசன்ட் நகர் பஸ்ஸே போதும்!

பினாங்கு நம்மவர்களுக்குப் புது ஊரில்லை. 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் சென்னையிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணம் நின்றது. 2024 டிசம்பரில் நேரடி விமானம் வந்தது.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி கோபித்துக்கொள்வாள். 'நாசி கண்டார்' என்றால் காவடிச் சோறு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்புமாகத் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றார்களாம். நம் வீட்டில் சாம்பார், ரசம் என்று முறை வைத்து ஊற்றுவோமே, அங்கே எல்லாக் குழம்பும் ஒரே தட்டில் வெள்ளமாக வருகிறது. சீனர் கடையில் புளிப்பும் மீனுமாக 'ஆசாம் லக்சா' வந்தது. "நம்ம மீன் குழம்புக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி" என்றாள் மனைவி.

ஆனால் சிவில் எஞ்சினியரான என்னை நிறுத்தி வைத்தது ஜார்ஜ் டவுனின் நடைபாதைதான். பழைய கடைவீடுகளில் மாடி முன்னே நீண்டு தூணில் நிற்கிறது. அதன் கீழே வழிப்போக்கர்கள் வெயிலும் மழையும் படாமல் நடக்கிறார்கள். 1822-ல் சிங்கப்பூருக்கு ராபிள்ஸ் போட்ட விதியோடு பரவிய முறை இது. அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்கிறார்கள். டேப் வைத்து அளந்தேன், எல்லா இடத்திலும் ஐந்தடி இல்லை. சில கடைக்காரர்கள் மூட்டையும் மோட்டார் சைக்கிளும் போட்டு அடைத்தும் இருக்கிறார்கள். அதில் நமக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை!

இந்த வீடுகள் தப்பியதற்கு 1966-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒரு காரணம். வாடகை சொற்பம், இடித்துக் கட்ட யாருக்கும் ஆசை வரவில்லை. 2000 ஜனவரியில் சட்டம் போயிற்று, வாடகை ஏறிற்று, தலைமுறையாகக் குடியிருந்த பலர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவோடு இடம் கிடைத்தது. சில வீடுகள் ஓட்டல்களாகிவிட்டன. பெயிண்ட் பளிச்சென்றிருக்கிறது, கொடியில் துணி காயவில்லை. அது எனக்கு உறுத்தியது.

மயிலாப்பூரில் நமக்குத் திண்ணை இருந்தது. தெருவில் போகிறவன் கேட்காமலே உட்காரலாம். மாட வீதிகளைச் சுற்றி அது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை வந்தது, நடக்கச் சுகம். ஆனால் ஐப்பசி மழையில் ஒதுங்கக் கூரை ஏது? பிளானில் முன்பக்கம் காலியிடம் விடுகிறோம், அதைக் காம்பவுண்டுக்குள் பூட்டி வைக்கிறோம். அங்கே அதே இடத்துக்குக் கூரை போட்டுத் தெருவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அளவெடுத்த ஸ்கெட்ச் நோட்டு கையிலேயே இருக்கிறது. சிவில் மாணவர்கள் டிபன் வேளையில் வந்து பாருங்கள்.