எதனோடு ஒப்பிட்டீர்கள்?



தலைமை உரை நீண்டுவிடுமோ என்ற கவலை உங்கள் முகங்களில் தெரிகிறது. நீட்டமாட்டேன். மரபணு வெளிப்பாடு பற்றிய இக்கருத்தரங்கில் ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

கல்லீரல் செல்லிலும் நரம்புச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதி. எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. வேலை செய்யும் மரபணு தூது ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும், அதை அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆர்.என்.ஏ.வை அளக்கும் பழைய முறையான நார்தன் பிளாட்டில் பழகிய என் தலைமுறைக்கு ஒரு தடவைக்கு ஒரு மரபணு, மிஞ்சினால் இரண்டு. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஏற்றி, எக்ஸ்ரே படலத்தை உறைபெட்டியில் வைத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருப்போம். 1995-இல் ஸ்டான்ஃபோர்டில் பேட்ரிக் பிரௌன் குழுவினர் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் 45 மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிகளாக இட்டு, ஒரே நேரத்தில் அளந்து காட்டினார்கள். இரண்டே ஆண்டில் அதே ஆய்வகத்தின் ஜோசப் டெரிசி, விஷ்வநாத் ஐயர் ஆகியோர் ஈஸ்ட்டின் ஏறத்தாழ எல்லா மரபணுக்களையும், சுமார் 6,400 புள்ளிகளாக, ஒரு தகட்டில் ஏற்றிவிட்டார்கள். சில்லு என்று நாம் சொல்வது இந்தத் தகட்டைத்தான்.

அந்த ஈஸ்ட் கட்டுரையை மாணவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். குளுக்கோஸ் இருக்கும்வரை ஈஸ்ட் அதை நொதிக்கவைத்து எத்தனாலாக வெளியே தள்ளும். குளுக்கோஸ் தீர்ந்ததும், தான் தள்ளிய எத்தனாலையே எடுத்துச் சுவாசித்துப் பிழைக்கும். இந்த மாற்றத்தின்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செல்களை எடுத்தார்கள். அவற்றின் ஆர்.என்.ஏ.வை நிரப்பு டி.என்.ஏ.வாக மாற்றும்போதே ஒளிர்சாயம் ஏற்றினார்கள்: முதல் மாதிரிக்குப் பச்சை, அடுத்தடுத்த மாதிரிகளுக்குச் சிவப்பு. இரண்டையும் கலந்து தகட்டின் மேல் விட்டால், ஒவ்வொன்றும் தன் இணையைத் தேடி ஒட்டிக்கொள்ளும். பிறகு லேசர் ஸ்கேனர். புள்ளி சிவந்திருந்தால் மரபணு எழுந்திருக்கிறது, பச்சையானால் அடங்கியிருக்கிறது, மஞ்சளானால் மாற்றமில்லை.

குளுக்கோஸ் தீரத் தீர 710 மரபணுக்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. 1,030 மரபணுக்கள் பாதிக்குக் கீழே இறங்கின. எல்லோரும் மேற்கோள் காட்டும் எண்கள் இவை. எனக்கு முக்கியம் வேறு ஓர் எண்: 19. ஈஸ்ட் வயிறு நிறைந்து செழித்து வளர்ந்த முதல் இரண்டு மணி நேரத்தில் இரு மடங்கு வேறுபட்டவை அந்த 19 மரபணுக்கள் மட்டுமே. ஒன்றும் நடக்காதபோது சில்லு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் 710-ஐ நம்ப முடிகிறது.

நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. எங்கள் முதல் சில்லுச் சோதனையில் நலமான திசுக்களைத் திங்களன்றும் நோயுற்ற திசுக்களை வியாழனன்றும் ஓட்டினோம். அழகான மரபணுப் பட்டியல் கிடைத்தது. இனிப்புகூட வாங்கிக் கொடுத்தேன். இரு வகை மாதிரிகளையும் ஒவ்வொரு நாளுக்கும் பிரித்து மீண்டும் ஓட்டியபோது பட்டியல் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. நாங்கள் அளந்தது திங்களுக்கும் வியாழனுக்கும் உள்ள வேறுபாட்டை! சிவப்புச் சாயம் காற்றிலுள்ள ஓசோன் பட்டால் மங்கும் என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தவறு கணினியிலும் நுழையும். 'டெக்1' என்ற மரபணுப் பெயரை எக்செல் டிசம்பர் முதல் தேதியாக மாற்றிவிடுவதை 2004-இலேயே எழுதி எச்சரித்தார்கள். யாரும் கேட்கவில்லை. கடைசியில் 2020-இல் பெயர்சூட்டும் குழு, 'மார்ச்1' போன்ற மனித மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவைத்தது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாற்றிக்கொண்ட காலம் நம்முடையது.

ஒப்பீடு சரியாக அமைந்தால் இந்தப் புள்ளிகள் மருத்துவமனை வரை போகும். ஆம்ஸ்டர்டாமில், மார்பகப் புற்று ஐந்தாண்டுக்குள் பரவியவர்களையும் பரவாதவர்களையும் ஒப்பிட்டு 2002-இல் 70 மரபணுக்களைப் பிரித்தெடுத்தார்கள். அதன்மேல் எழுந்த பரிசோதனைக்கு 2007-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

சில்லின் காலம் முடிந்துவிட்டது, ஆர்.என்.ஏ.வை நேரடியாக வரிசையறிந்துவிடலாமே என்பீர்கள். உண்மைதான், சில்லில் புள்ளியாக இல்லாத மரபணுவைச் சில்லால் காண முடியாது, வரிசையறிதலுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் திங்கள்-வியாழன் தொல்லை அங்கும் அப்படியே இருக்கிறது. சில்லுத் தரவுகளும் வீணாகிவிடவில்லை. 2000-இல் தொடங்கிய ஜியோ என்ற இணையக் களஞ்சியத்தில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. கருவி வாங்கப் பணமில்லாத துறைகளின் மாணவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்று கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மாதிரியை எதனோடு ஒப்பிட்டீர்கள், இரண்டும் ஒரே நாளில் ஓடினவா என்பதை முதல் படத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நான் குறுக்கிட்டுக் கேட்பேன். தலைவருக்கு அந்த உரிமை உண்டு. முதல் அமர்வைத் தொடங்கலாம்.